படம் அழகு, ஊசி எத்தனை மில்லிமீட்டர்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் கைவேலைக்கென்று ஒரு பக்கம் ஒதுக்கி வருகிறீர்கள். கொக்கி ஊசியால் பின்னும் குரோஷா விரிப்பு, ஒட்டுத்துணிப் போர்வை, ஃபெல்ட் பொம்மை என்று வாரம் ஒன்று. படங்களுக்குக் குறையில்லை. குறை, படத்துக்குக் கீழே வரும் நான்கு வரிகளில்தான். "தேவையான அளவு நூலும் பொருத்தமான ஊசியும் எடுத்துக்கொள்ளவும்" என்று அவை தொடங்குகின்றன. சமையல் குறிப்பில் "உப்பு தேவையான அளவு" என்று எழுதினால் நஷ்டமில்லை, நாக்கு சொல்லிவிடும். நூல் விஷயத்தில் கை அப்படிச் சொல்லாது. நாற்பது வரிசை பின்னி மேசைமேல் விரித்த பிறகுதான் நூல் போதாது என்பதும், விரிப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறது என்பதும் தெரியவரும். பிரிப்பதா, அலமாரிக்குள் தள்ளுவதா என்று யோசித்துப் பெரும்பாலும் அலமாரிக்குள்தான் போகிறது. "எனக்கு இதெல்லாம் வராது" என்று சொல்பவர்களில் பலருக்குக் கை நன்றாகவே இருக்கிறது. கையில் கிடைத்த குறிப்புதான் அரைகுறை.

குரோஷாவையே எடுத்துக்கொள்வோம். அதில் ஒரே பெயர் இரண்டு வெவ்வேறு கண்ணிகளை, அதாவது பின்னல் வகைகளை, குறிக்கிறது. அமெரிக்கர் "சிங்கிள் குரோஷா" என்பதை ஆங்கிலேயர் "டபுள் குரோஷா" என்பார்கள். அமெரிக்கரின் "டபுள்" ஆங்கிலேயருக்கு "ட்ரெபிள்". அமெரிக்கரின் "ட்ரெபிள்" அவர்களுக்கு "டபுள் ட்ரெபிள்". நம் ஊரில் பழைய பிரிட்டிஷ் புத்தகங்களைப் பார்த்துக் கற்ற தலைமுறையும் இருக்கிறது, இணையத்தில் அமெரிக்கக் காணொளி பார்த்துக் கற்ற தலைமுறையும் இருக்கிறது. அம்மா ஒரு முறை, மகள் இன்னொரு முறை. இணைப்பில் வெறுமனே "டபுள் குரோஷா 12" என்று அச்சானால் ஒருவர் பின்னுவது மற்றவருடையதைப் போல ஏறக்குறைய இருமடங்கு உயரமாக வரும். எந்த முறை என்று குறிப்பில் சொல்லாதபோது கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: எங்காவது "சிங்கிள்" என்ற சொல் வந்தால் அது அமெரிக்க முறை. இன்றைய பிரிட்டிஷ் முறையில் அந்தப் பெயரே கிடையாது.

இந்தத் தொல்லையே வேண்டாமென்றால் குறிப்படம் போடலாம். சங்கிலிக்கு ஒரு நீள்வட்டம், ஸ்லிப் ஸ்டிச்சுக்கு (உயரமில்லாத இணைப்புக் கண்ணி) ஒரு புள்ளி, அமெரிக்க சிங்கிளுக்கு ஒரு பெருக்கல் அல்லது கூட்டல் குறி. மேலே கோடிட்ட கம்பம் போல ஆங்கில 'டி' எழுத்து மட்டும் இருந்தால் ஹாஃப் டபுள், அதன் உடலில் ஒரு சாய்வுக் கோடு இருந்தால் டபுள், இரண்டு கோடு இருந்தால் ட்ரெபிள். ஜப்பானியக் கைவேலைப் புத்தகங்கள் இப்படித்தான் அச்சாகின்றன. அந்த மொழி தெரியாதவர்களும் அவற்றைப் பார்த்துப் பின்னுகிறார்கள். உள்ளங்கை அகலப் படத்தில் ஒரு பக்கக் குறிப்பு அடங்கிவிடும்.

அடுத்தது நூலும் ஊசியும். குரோஷாவுக்கென்று விற்கும் பருத்தி நூலில் 10, 20, 40 என்று எண் போட்டிருக்கும். எண் கூடக்கூட நூல் மெலியும். 10-ஆம் எண்ணுக்கு 1.5 அல்லது 1.75 மி.மீ. ஊசி, 20-க்கு 1.25 மி.மீ. அளவில், 40-க்கு 1 மி.மீ. என்பது தொடங்குவதற்கு ஏற்ற கணக்கு. பிறகு அவரவர் கை இறுக்கத்துக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். ஊசியின் மேல் பொறித்த எண்ணை மட்டும் நம்பக் கூடாது. எஃகு ஊசிகளில் எண் கூடினால் ஊசி மெலியும். உல்லன் நூலுக்கான பெரிய ஊசிகளில் நாட்டுக்கொரு எண், சிலவற்றில் எழுத்து. மில்லிமீட்டர் மட்டும் எங்கும் ஒன்றுதான். கடையில் கேட்கும்போதும் "ஏழாம் நம்பர்" என்று கேட்காமல் "ஒன்றரை மில்லிமீட்டர்" என்று கேட்பது நல்லது.

மெர்சரைஸ்டு நூல் என்று தனியே சொல்வார்கள். ஜான் மெர்சர் 1850-ல் காப்புரிமை பெற்ற முறை அது. காஸ்டிக் சோடாக் கரைசலில் பருத்தியை நனைக்கும்போது இழை உப்பி உருளையாகிறது. சாயம் நன்றாகப் பிடிக்கும், பலமும் கூடும். இழுத்துப் பிடித்தபடி நனைத்தால் பளபளப்பும் வரும். அந்த மழமழப்புக்கு ஒரு விலை உண்டு: முடிச்சு நழுவும். நடுவில் நூலை வளையமாகச் சுற்றி இழுத்து மூடும் "மேஜிக் ரிங்" இந்த நூலில் நான்கு துவைப்புக்குப் பிறகு தானே அகன்று நடுவில் ஓட்டை விடும். ஆறு சங்கிலி போட்டு ஸ்லிப் ஸ்டிச்சால் வளையமாக்கி, நூல் நுனியையும் சேர்த்து அதன்மேல் பின்னுவதே உறுதி.

பின்னுவதற்கு முன் மாதிரித் துண்டு ஒன்று போட வேண்டும் என்று சொன்னால் எல்லோருக்கும் அலுப்பு. அதைத் தவிர்ப்பதால் என்ன ஆகிறது என்று பாருங்கள். குறிப்பில் 10 செ.மீ.க்கு 20 கண்ணி என்றிருக்கிறது, மார்புச் சுற்று 80 செ.மீ., ஆகவே 160 கண்ணி. உங்கள் கை சற்று இறுக்கம், 10 செ.மீ.க்கு 22 கண்ணி விழுகிறது. அதே 160 கண்ணி பின்னினால் வருவது 72.7 செ.மீ. ஏழு சென்டிமீட்டருக்கு மேல் குறைந்துவிட்டது. சட்டை பக்கத்து வீட்டுக் குழந்தைக்குப் போகும். ஆகவே 15 செ.மீ. சதுரமாக ஒரு துண்டு பின்னி, துவைத்து, காயவைத்து, ஓரங்களை விட்டு நடுவில் 10 செ.மீ. அளந்து எண்ணுங்கள். கண்ணி கூடுதலாக விழுந்தால் ஊசியை ஒரு படி பெரிதாக்குங்கள், குறைவாக விழுந்தால் சிறிதாக்குங்கள். கையை வேண்டுமென்றே இறுக்குவதும் தளர்த்துவதும் பத்து வரிசைக்குமேல் நிற்காது.

எவ்வளவு நூல் வாங்குவது என்பதையும் அதே துண்டு சொல்லிவிடும். 15-க்கு 15 என்றால் 225 சதுர செ.மீ. அது 6 கிராம் எடை என்று வைத்துக்கொள்வோம். 90-க்கு 90 செ.மீ. மேசை விரிப்பு 8,100 சதுர செ.மீ., அதாவது 36 மடங்கு: 216 கிராம். பத்து சதவீதம் சேர்த்து 240 கிராம். உருண்டை 20 கிராம் என்றால் 12 உருண்டை. ஒரு எச்சரிக்கை: ஒரு கிராம் வரை மட்டுமே காட்டும் தராசில் 6 என்பது 5.5 ஆகவும் இருக்கலாம், 6.4 ஆகவும் இருக்கலாம். 36 மடங்காகும்போது அந்தப் பிசகு ஓர் உருண்டையை நெருங்கிவிடும். பெரிய வேலைக்கு மாதிரியையும் பெரிதாகப் போடுவதுதான் வழி. 12 உருண்டையையும் ஒரே தடவையில், தாளில் ஒரே லாட் எண் பார்த்து வாங்குங்கள். அடுத்த சாயத் தொட்டியிலிருந்து வந்த நூல் கடை வெளிச்சத்தில் ஒன்றுபோலத்தான் தெரியும். விரிப்பில் பட்டையாகக் காட்டிக்கொடுக்கும்.

விரிப்பின் ஓரம் ஏன் சாய்கிறது? ஒவ்வொரு வரிசையிலும் ஒரு கண்ணி களவு போவதால். டபுள் குரோஷாவில் (இனி அமெரிக்கப் பெயர்களையே சொல்கிறோம்) வரிசை திரும்பும்போது போடும் 3 சங்கிலி முதல் கண்ணியாகக் கணக்கில் சேரும். ஆகவே அடுத்த கண்ணியை அதன் அடியிலேயே குத்தாமல் இரண்டாவது இடத்தில் குத்த வேண்டும். அந்த வரிசையின் கடைசிக் கண்ணியை முந்தைய வரிசையின் 3 சங்கிலியின் உச்சியில் குத்த வேண்டும். அந்த உச்சி கண்ணுக்குக் கண்ணியாகவே தெரியாது என்பதால்தான் எல்லோரும் அதை விட்டுவிடுகிறார்கள். சங்கிலியின் உச்சியில் ஒரு சின்ன சேஃப்டி பின் மாட்டி வைத்தால் தப்பாது. சிங்கிளில் கதை வேறு. அங்கே போடும் 1 சங்கிலி பெரும்பாலான குறிப்புகளில் கணக்கில் வராது, முதல் கண்ணியை அதன் அடியிலேயே குத்த வேண்டும். இரண்டையும் கலந்து கற்றவர்களின் விரிப்பு ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி வரப்பு போல இருக்கும். 20 டபுள் வேண்டுமென்றால் தொடக்கச் சங்கிலி 22, முதல் குத்து ஊசியிலிருந்து எண்ணி நான்காவது சங்கிலியில். கீழ் ஓரம் வில்லாக வளைந்தால் தொடக்கச் சங்கிலி இறுகிவிட்டது என்று பொருள். அந்தச் சங்கிலிக்கு மட்டும் ஒரு படி பெரிய ஊசி எடுங்கள்.

வட்ட விரிப்பில் வரும் வழக்கமான புகார், "கிண்ணமாகிறது" அல்லது "ஃபிராக் ஃப்ரில் போலச் சுருள்கிறது." இதற்கும் கைக்கும் சம்பந்தமில்லை, பள்ளிக்கூடக் கணக்குதான். எந்த வட்டமானாலும் ஆரம் 1 செ.மீ. கூடினால் சுற்றளவு 6.28 செ.மீ. கூடும். சிங்கிள் கண்ணியின் உயரமும் அகலமும் ஏறக்குறைய சமம். ஆகவே சுற்றுக்கு 6 கண்ணி கூட்டினால் தட்டையாக நிற்கும். டபுளின் உயரம் அகலத்தைப் போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஆகவே 12 கூட்ட வேண்டும். கூட்டியது குறைந்தால் கிண்ணம், மிஞ்சினால் ஃப்ரில். மேலே சொன்ன பெயர்க் குழப்பம் இங்கேதான் முழுசாகக் கடிக்கும்: 12 கூட்டச் சொன்ன குறிப்பை ஒருவர் பிரிட்டிஷ் டபுளாகப் புரிந்துகொண்டு குட்டைக் கண்ணியில் பின்னினால் மூன்றாவது சுற்றிலேயே விரிப்பு முட்டைக்கோஸ் ஆகும். கூட்டும் இடங்களை ஒவ்வொரு சுற்றிலும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் சிங்கிள் வட்டம் அறுகோணமாகிவிடும் என்பதையும் யாரும் எழுதுவதில்லை. அடுத்த சுற்றில் சில கண்ணி தள்ளிக் கூட்டினால் வட்டம் வட்டமாகவே இருக்கும்.

இடையில் விலை பற்றி ஒன்று. தங்கள் இணைப்பில் ஒருமுறை "குரோஷா டாப் மலிவாகக் கிடைக்கிறது" என்றொரு துணுக்கு வந்தது. பின்னலாடை இயந்திரங்கள் இரவு பகலாக ஓடும் திருப்பூரிலும் உண்மையான குரோஷாவைப் பின்ன இயந்திரம் கிடையாது. குரோஷா மெஷின் என்று அழைக்கப்படுவது பின்னுவது வேறு வகை, வார்ப் நிட்டிங் (நீளவாட்டில் ஓடும் பல நூல்களை ஒருசேரப் பின்னுவது). பார்வைக்கு மட்டும் ஒத்திருக்கும். ஆகவே அசல் குரோஷா உடுப்பு எங்கே மலிவாகக் கிடைத்தாலும் அதைக் கையால்தான் ஒருவர் பின்னியிருக்கிறார். மலிவானது அவருடைய கூலி. ஆந்திரத்தின் நரசாப்பூர் குரோஷா லேஸுக்கு 2024-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்குக் கிடைத்த காப்பு மணிக்கணக்குக்கும் கிடைக்க வேண்டுமென்றால் வாங்குபவருக்கு ஒரு விரிப்பில் எத்தனை மணி நேரம் இருக்கிறது என்று தெரிய வேண்டும். இணைப்பில் "பின்ன ஆகும் நேரம்" என்று ஒரு வரி போட்டால் அதற்கும் உதவும்.

பழைய சேலையில் போர்வை தைப்பது பற்றிய குறிப்பில் "உள்ளே இலவம் பஞ்சு நிரப்பவும்" என்று கண்டிருந்தது. தயவுசெய்து இதைத் திருத்துங்கள். இலவம் பஞ்சின் இழை மெழுகுப் பூச்சுள்ளது, வழுக்கும், ஒன்றோடொன்று பற்றிக்கொள்ளாது. அதனால்தான் அதை நூலாக நூற்பது கடினம். தலையணை உறைக்குள் அது ராஜா. மெல்லிய போர்வைக்குள் போட்டால் ஒரே மாதத்தில் மூலைக்கு மூலை உருண்டு போகும், தையல் துளை வழியே பறக்கும், துவைத்தால் கட்டி தட்டும். நம் வெயிலுக்குப் பஞ்சே தேவையில்லை. ஐந்தரை மீட்டர் பருத்திச் சேலையை விசிறி மடிப்பாக மூன்றாக மடித்தால் 1.8 மீட்டர் நீளமும் சேலை அகலமும் கொண்ட மூன்றடுக்கு வந்துவிடும். வெட்டவே வேண்டாம், மடிப்பு விழுந்த ஓரங்களை அடிக்கவும் வேண்டாம். பனிக்காலத்துக்கு ஒருவருக்கு அது போதும்.

அதற்கு முன் சேலையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். குதிகால் உரசும் கீழ் ஓரமும், இடுப்பில் செருகும் இடமும்தான் முதலில் நைந்து போகும். இரண்டு கட்டைவிரலாலும் இழுக்கும்போது இழை விலகினால் அந்தப் பகுதி நடு அடுக்கில் இருக்கட்டும். ஜரிகைக் கரையை வெட்டிவிடுங்கள். அது கீறும், துவைத்தால் சுருங்கும் அளவும் வேறு. பாலியெஸ்டர் சேலையைப் பருத்தியோடு சேர்க்காதீர்கள். துவைக்கத் துவைக்கப் பருத்தி சுருங்கும், அது சுருங்காது. போர்வை முழுக்கக் கொப்புளம் போட்டதுபோல ஆகிவிடும். அடர் சிவப்பும் கருநீலமும் சாயம் விடுமா என்று பார்க்க, வெள்ளைத் துணியை நனைத்து அதன்மேல் அழுத்தித் தேயுங்கள். கறை பட்டால் அந்தச் சேலையை வெளிர் நிறத்தோடு சேர்க்க வேண்டாம்.

அடுக்குகளைத் தரையில் விரித்து, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகக் கையால் நீவி, ஒரு சாண் இடைவெளியில் நூலோட்டம் விடுங்கள். அல்லது நான்கு விரல் இடைவெளியில் சேஃப்டி பின் குத்துங்கள். தைப்பதும் நடுவிலிருந்தே தொடங்க வேண்டும். ஓரத்தில் தொடங்கினால் துணியின் தளர்ச்சி நடுவில் மாட்டிக்கொண்டு மடிப்பாக நிற்கும். மெஷினில் தைப்பவர்களுக்கு இன்னொரு தொல்லை. மெஷின் பல் கீழ்த்துணியை மட்டும் தள்ளும், மேலே உள்ள ஃபுட் மேல்துணியை அழுத்தி நிறுத்தும். ஒரு மீட்டர் தைப்பதற்குள் மேல் அடுக்கு விரலளவு பின்தங்கிவிடும். வாக்கிங் ஃபுட் மாட்டினால் மேல்துணியும் சேர்ந்து நகரும். அது இல்லையென்றால் கைத்தையலே மேல்: சாதாரண ஓட்டுத்தையல், சின்ன ஊசி, பருத்தி நூல். பாலியெஸ்டர் நூல் அறுந்து போகாது என்பதற்காக எடுக்காதீர்கள். அது அறாமல் இருந்து, நைந்த பருத்தியை அறுத்துவிடும். அறுந்த நூலை மறுபடி ஓட்டலாம், அறுந்த துணியை என்ன செய்வது?

சதுரம் சதுரமாக ஒட்டித் தைப்பதென்றால் தையல் இடைவெளிதான் எல்லாம். முடிந்த பிறகு 4 அங்குலச் சதுரம் வேண்டுமென்றால் நான்கு பக்கமும் கால் அங்குலம் விட்டு நாலரை அங்குலமாக வெட்ட வேண்டும். கால் அங்குலத்தைவிட 1/16 அங்குலம் உள்ளே தள்ளித் தைத்துவிட்டால் ஒரு தையலுக்கு இரு பக்கமும் சேர்ந்து 1/8 அங்குலம் போகும். பத்துச் சதுரம் கொண்ட வரிசையில் ஒன்பது தையல், ஆக ஒன்றே கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக அந்த வரிசை சுருங்கும். பக்கத்து வரிசை சரியாக வந்திருந்தால் மூலைகள் ஒன்றோடொன்று சேராது. மெஷின் தகட்டில் கால் அங்குலத் தூரத்தில் ஒரு டேப் ஒட்டிவிட்டுத் தொடங்குங்கள்.

ஃபெல்ட் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதில்தான் பணம் வீணாகிறது. ஆட்டுக் கம்பளி இழையின்மேல் ஓடு ஓடாகச் செதில் உண்டு. வெந்நீரும் சோப்பும் போட்டுக் கசக்கும்போது இழைகள் ஒரே திசையில் ஊர்ந்து சிக்கிக்கொள்கின்றன; திரும்பி வர முடியாது. அதுதான் ஃபெல்ட். பருத்திக்கும் அக்ரிலிக் என்னும் செயற்கை இழைக்கும் அந்தச் செதில் இல்லை. ஃபேன்சி ஸ்டோரில் "உல்லன் நூல்" என்று விற்பதில் பெரும்பகுதி அக்ரிலிக். நாள் முழுதும் கசக்கினாலும் நுரைதான் மிச்சம். சூப்பர்வாஷ் என்று அச்சிட்ட அசல் கம்பளியும் ஆகாது, செதிலை மழுக்கியே அதைத் தயாரிக்கிறார்கள். சந்தேகமிருந்தால் ஒரு விரல் நீள நூலை இடுக்கியில் பிடித்து, பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு கொளுத்துங்கள். கம்பளி முடி கருகும் வாடையோடு தானே அணைந்து பொடியாகும். அக்ரிலிக் உருகிக் கருமணியாக இறுகும். பருத்தி காகிதம் போல எரிந்து சாம்பலாகும். இணைப்பில் "உள்ளூர் ஆட்டுரோமம் கிடைத்தால் பயன்படுத்தலாம்" என்ற யோசனையும் வந்தது. மேச்சேரி, சென்னைச் சிவப்பு, ராமநாதபுரம் வெள்ளை ஆகிய செம்மறி இனங்கள் ரோம ஆடுகள், அதாவது உடலில் முடி மட்டுமே உள்ளவை. வெட்டிச் சேர்க்கக் கம்பளியே இராது. நீலகிரி ஆட்டின் கம்பளி மென்மையானது. கோயம்புத்தூர், திருச்சிக் கருப்பு ஆடுகளின் கம்பளி முரடு. எந்த ஆடு என்று சொல்லாமல் "உள்ளூர் ஆடு" என்றால் வாசகர் தவறான பட்டிக்குப் போய் நிற்பார். முள் ஊசியால் குத்திச் செய்யும் ஃபெல்ட் பொம்மைக்கு ஊசியை நேராகக் குத்தி நேராக எடுக்கச் சொல்லுங்கள். உள்ளே போன பிறகு சாய்த்தால் முனை முறிந்து பொம்மைக்குள் தங்கிவிடும். குழந்தை கையில் கொடுக்கும் பொருள் அது.

முடித்த குரோஷா விரிப்பைக் கொடியில் தொங்கவிடாமல் துண்டின்மேல் பரப்பிக் காயவைக்க வேண்டும் என்பதையும், கஞ்சி போட்டதைப் பெட்டியில் வைத்தால் வெள்ளிப்பூச்சி அரிக்கும், கஞ்சியை அலசிவிட்டே எடுத்துவைக்க வேண்டும் என்பதையும் ஒரு மூலையில் சேர்த்துவிடுங்கள்.

இடமில்லை என்பது தங்கள் பதிலாக இருக்கலாம். படத்தைக் கால்வாசி குறைத்தால் இடம் வரும். டம்ளர் வைக்கும் விரிப்பு ஒன்றுக்கு நாங்கள் எதிர்பார்ப்பது இவ்வளவுதான்:

நூல்: மெர்சரைஸ் செய்யாத 4 பிரிப் பருத்தி. ஊசி: 2.5 மி.மீ. பெயர்முறை: அமெரிக்கன். 6 சங்கிலி வளையம். முதல் சுற்றில் 12 டபுள் (தொடக்கத்தின் 3 சங்கிலி ஒன்றாகக் கணக்கு). அடுத்து வரும் 5 சுற்றுகளிலும் சுற்றுக்கு 12 கூட்டவும். ஆறாம் சுற்று முடிவில் 72 கண்ணி, குறுக்களவு ஏறக்குறைய 10 செ.மீ. கிண்ணமானால் ஊசியை 3 மி.மீ. ஆக்கி மறுபடி தொடங்கவும்.

இப்படிக்கு,
குரோஷா, தையல் பயிற்றுநர்கள் சிலர்,
திருச்சி.